அம்மா பேனா கேட்ட நாள்

மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் தானாக ஆடும். முதலில் காலுக்கடியில் தரை லேசாக உதறும், அடுத்து அலமாரியில் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும், அதற்கப்புறம்தான் சத்தம் காதில் வந்து விழும். அரியலூருக்குக் கிழக்கே இருந்த எங்கள் ஊரில் அதற்கு "வேட்டு" என்று பெயர். சிமெண்ட் கம்பெனிக்காரர்கள் சுண்ணாம்புக்கல்லுக்காகப் பாறையைத் தகர்க்கும் நேரம் அது. வேட்டு அடங்கியதும் நாக்கில் மாவு மாதிரி ஒரு தூசி ஒட்டும். சோற்றிலும் அந்த ருசிதான்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் வளைகுடாவில் போர் நடந்தது. அப்பா தையல்காரர், செங்கொடிக்காரர். மிஷினுக்குப் பக்கத்திலேயே ரேடியோ வைத்திருப்பார். செய்தி தொடங்கினால் மிதிப்பதை நிறுத்திவிடுவார். அங்கே ஈராக்கில் குண்டு விழுகிறது என்று ரேடியோ சொல்ல, இங்கே எங்கள் டம்ளர்கள் நடுங்க, எனக்கு இரண்டும் ஒரே போர் என்றுதான் பட்டது. அப்பாவும் அப்படித்தான் சொல்வார். "அங்க எண்ணெய்க்கு வேட்டு, இங்க சுண்ணாம்புக்கு வேட்டு. மண்ணுக்கு அடியில ஒண்ணும் இல்லாதவந்தான் நிம்மதியா தூங்குவான்." அது தப்பு என்று இன்றுவரை யாரும் எனக்கு நிரூபித்துக் காட்டவில்லை.

அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த ஒரு ஏக்கர் முந்திரிக் கொல்லை இருந்தது. பட்டா அவள் பேரில். சுரங்கக் குழியின் விளிம்பு வருஷா வருஷம் அந்தக் கொல்லையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கொடுக்கக் கூடாது என்று ஊரில் எல்லாரும் பேசி வைத்திருந்தார்கள். அப்பாதான் அந்தப் பேச்சுக்கு முன்னால் நின்றவர்.

அந்த நாட்களில்தான் அம்மா முதியோர் வகுப்புக்குப் போய்த் தன் பெயரை எழுதக் கற்றிருந்தாள். அவளுக்கு அந்த நாலு எழுத்துத்தான் தெரியும், சந்திரா. அதற்கு மேல் சொல்லித்தருவதற்குள் எல்லாருக்கும் கையெழுத்து வந்துவிட்டது என்று எழுதிக்கொண்டு வகுப்பை மூடிவிட்டார்கள். யாருக்கு அது போதுமாக இருந்ததோ தெரியவில்லை. அம்மா அந்த நாலு எழுத்தைக் கரித்துண்டால் அடுப்பங்கரைச் சுவர் முழுக்க எழுதி வைத்திருந்தாள். ரேஷன் கடையில் மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினால் முகம் சுருங்கிவிடும்.

ஒருநாள் அப்பா அரியலூர் பஸ் ஸ்டாண்டில் போரை எதிர்த்து நடந்த ஆர்ப்பாட்டத்துக்குப் போயிருந்தார். அன்றைக்குப் பார்த்துத்தான் கம்பெனி ஜீப் வந்தது. அது தற்செயல் என்று நான் நம்பவில்லை. பள்ளிக்கூடத்து மரத்தடியில் பெஞ்சு போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் டீயும் பிஸ்கட் பொட்டலமும் கொடுத்தார்கள். "ஊருக்கு என்ன வசதி வேணும்னு கேக்கத்தான் வந்துருக்கோம்" என்றார் சட்டையை உள்ளே விட்டிருந்த ஒருவர். எல்லாரும் குழாய் கேட்டார்கள், ரோடு கேட்டார்கள். முடிவில் அட்டையில் மாட்டிய தாள்களோடு ஒருவர் ஒவ்வொருவரிடமும் வந்தார். "வந்தவங்க எல்லாம் பேர் பதியணும், அவ்வளவுதான்." தாளின் மேல்பாதியை இன்னொரு வெள்ளைத் தாள் மூடியிருந்தது. கீழே கட்டங்கள் மட்டும் தெரிந்தன.

அவர் மைப்பெட்டியைத் திறந்தார். அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"மையெல்லாம் வேணாங்க. பேனாவக் குடுங்க. எனக்குக் கையெழுத்து வரும்."

"அடேங்கப்பா, படிச்சவங்களா நீங்க" என்று அவர் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நாக்கைக் கடித்தபடி நிதானமாக எழுதினாள். நான் வாயில் பிஸ்கட்டோடு பக்கத்தில் நின்றேன். எனக்குப் படிக்கத் தெரியும். அந்த வெள்ளைத் தாளைத் தூக்கிப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

அப்பா பொழுதுசாய வந்தார். பிஸ்கட் உறையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"யாரு குடுத்தா?"

"கம்பெனிக்காரங்க" என்றேன்.

"சும்மாவா குடுத்தான்?"

அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். "பேரு எழுதச் சொன்னாங்க. நாந்தான் பேனாவுல போட்டேன்."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நிலம் கொடுக்கச் சம்மதம் என்று அந்தத் தாள்களின் மேல்பாதியில் இருந்தது. ஊரே திரண்டு தாலுகா ஆபீசுக்குப் போனோம். கைநாட்டு வைத்தவர்கள், எங்களுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை என்றார்கள். அதிகாரி அவர்கள் பெயர்களைச் சம்மதப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். அம்மாவின் முறை வந்தது. "நீங்க கையெழுத்துப் போட்டுருக்கீங்க. படிச்சுப் பாத்துட்டுத்தானே போட்டீங்க?" என்றார். எனக்குப் படிக்கத் தெரியாது என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொல்லை பிழைத்திருக்கும். அப்பா அவள் முழங்கையைத் தொட்டு, "சொல்லு சந்திரா" என்றார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா தரையைப் பார்த்தபடி நின்றாள். கடைசிவரை வாய் திறக்கவில்லை.

முந்திரி மரங்களை வெட்டிய அன்று பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை சத்தமாகவே சொன்னாள். "பாக்தாத்துக்கு வழி கேட்டா நம்ம தோழரு கண்ண மூடிக்கிட்டுச் சொல்வாரு. அவரு கொல்லைக்குத்தான் வழி தெரியாமப் போச்சு." அது பாதி நியாயம்தான். அப்பா போரை எதிர்க்கப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை, இன்றைக்கும் போகத்தான் வேண்டும். ஆனால் உலகத்து ஏழைகளுக்கெல்லாம் விடுதலை கேட்ட மனிதர், சொந்த மனைவிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித்தர ஒரு சாயந்திரத்தை ஒதுக்கவில்லை. அந்தக் கோபம் அவர் செத்த பிறகும் எனக்குத் தீரவில்லை.

இப்போது அந்தக் கொல்லை பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம். நான் பெரம்பலூரில் இருக்கிறேன், அம்மா என்னோடு. டிவியில் வேறு தேசம், வேறு போர். ஆளில்லாத விமானம் வீட்டைத் தேடி வந்து அடிக்கிறது, அதைத் தொழில்நுட்பம் என்று மெச்சுகிறார்கள். என் போனிலோ வாரத்துக்கு ஒரு ஆப் இலவசமாக வருகிறது. ஒவ்வொன்றிலும் பக்கம் பக்கமாகப் பொடி எழுத்து, கடைசியில் "சம்மதம்" என்று ஒரு பொத்தான். எனக்கு அதைப் பார்த்தால் பிஸ்கட் வாசனை அடிக்கிறது. சந்தேகம் பிடித்தவள் என்று என் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அம்மா அன்றைக்குப் பிறகு பேனாவைத் தொடவில்லை. பாங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் இடது கட்டைவிரலைத்தான் நீட்டுவாள், படித்துக் காட்டிய பிறகு. சுவரில் இருந்த அந்த நாலு எழுத்தைக்கூட அவளே சுண்ணாம்பு பூசி மறைத்துவிட்டாள்.

போன வாரம் ஏதோ புது அட்டைக்குப் பதிவு என்று டேப்லெட்டோடு ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். ஒரு கண்ணாடிப் பொட்டியை நீட்டி, "ஆயா, இதுல வெரல வைங்க" என்றாள்.

"அதுல என்ன எழுதிருக்குன்னு மொதல்ல படி" என்றாள் அம்மா.

"அதெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க ஆயா. நானே படிச்சதில்ல."

அம்மா நீட்டிய கட்டைவிரலை மடக்கி, மற்ற நாலு விரலால் மூடிக்கொண்டாள்.