தொடாமல் விழவைத்த கை

நோர்வூட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் ஞாயிறுதோறும் பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு நடந்தது. சீனத்து உள்சக்திக் கலை என்றார் மாஸ்டர். மூச்சை அடிவயிற்றில் அடக்கி அவர் உள்ளங்கையை நீட்டினால், தொடாமலேயே நாங்கள் விழுவோம். உண்மையில் விழுந்தது மரியாதைக்குத்தான். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் ஜீப் வந்தால் பாதையோரம் ஒதுங்கி நிற்கிறோமே, அப்படி. பெரிய மனுஷன் கை நீட்டும்போது நின்றுகொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? விழுந்து விழுந்து நானே அதை நம்பிவிட்டேன்.

ஒருநாள் ஹட்டன் பஸ்ஸில் ஒருவன் என் இடுப்பில் கை வைத்தான். நான் திரும்பி, மூச்சை அடக்கி, உள்ளங்கையை நீட்டினேன். அவன் அந்தக் கையையே பிடித்துக்கொண்டு இளித்தான். பக்கத்தில் நின்ற யாரோ ஓர் அக்கா குடையால் அவன் மண்டையில் இரண்டு போட்டபிறகுதான் விட்டான்.

அடுத்த ஞாயிறு மாஸ்டரிடம் சொன்னேன்.

"ஒனக்கு நம்பிக்கை பத்தல தங்கச்சி. அதான் சக்தி வேல செய்யல," என்றார்.

பஸ்ஸில் அவன் கை பட்டபோதுகூட வராத கோபம் இதைக் கேட்டதும் வந்தது.

"அப்ப இப்ப என்னய விழ வைங்க மாஸ்டர்," என்றேன்.

முகம் சிவக்கக் கையை நீட்டினார். நான் அசையவில்லை. முதுகுக்குப் பின்னால் தொப்பென்று சத்தம் கேட்டது. திரும்பினால், பின்வரிசையில் மூன்று பேர் விழுந்து கிடந்தார்கள். அதில் ஒருத்தி என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"விழுந்துருடி. பாவம் அவரு."

அவள் கையை உதறிவிட்டு வெளியே வந்தேன். இப்போது வெயில் நாளிலும் குடையோடுதான் பஸ் ஏறுகிறேன்.