பூங்காவனம் திருத்தி எழுதிய சித்தி

செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் அவலூர்பேட்டை வாசகி ஒருவர். போன வியாழக்கிழமை காலை போன் செய்து, பூங்காவனம் அக்கா நெஞ்சுவலியில் போய்விட்டார்களாமே, நிஜமா என்றார். விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். நிஜம்தான். திரும்பக் கூப்பிட்டுச் சொன்னதும் ஓவென்று அழுதார். அந்த அழுகைக்கு நடுவிலேயே, அக்கா எழுதிவந்த தொடரில் கர்ப்பமாக இருக்கும் கதாநாயகிக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகிவிடுமா என்றும் கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீரோடு சிரிப்பும் வந்துவிட்டது. சுகப்பிரசவம்தான் என்று நானே சொல்லிவிட்டேன். தன் கதைகளில் ஒரு பிள்ளையையும் அவள் சாகவிட்டதில்லை.

உங்களில் பலருக்கு அவளை, வாரம் மூன்று அத்தியாயம் கைப்பேசியில் எழுதும் குடும்பக் காதல்கதைக்காரியாகத்தான் தெரியும். செஞ்சி பஜாரில் வளையல், ரிப்பன், சவுரி விற்கும் கடைக்காரி அவள். "கதையை நான் எங்க யோசிக்கிறேன்? பொட்டு வாங்க வர்றவங்க சொல்லிட்டுப் போறாங்க" என்பாள். அதுதான் எனக்கு வினையாக வந்தது.

மனைவியை இழந்தவரைக் கட்டிக்கொண்டு நான் செஞ்சிக்கு வந்த புதிது. அவர் மகள் யாழினிக்கு அப்போது எட்டு வயது. என்னோடு பேசவே மாட்டாள். பள்ளி திறந்த அன்று ரிப்பன் வாங்கப் போன இடத்தில், பூங்காவனம் கடையிலேயே நிற்கவைத்து அவளுக்கு ஜடை பின்னினேன். இறுக்கிவிட்டேன் போல, பிள்ளை கண் கலங்கியது. அடுத்த வாரமே பூங்காவனத்தின் தொடரில் ஒரு கொடுமைக்காரச் சித்தி, மூத்தாள் மகளின் தலைமுடியை இழுத்து அழ அழப் பின்னினாள். அன்று கடையில் நின்றவர்களுக்கெல்லாம் அது யாரென்று புரிந்துவிட்டது. என்னைக் கண்டால் தெருவில் குசுகுசுவென்று பேசினார்கள். போதாக்குறைக்கு யாரோ ஒரு புண்ணியவதி அதை யாழினிக்கும் படித்துக்காட்டினாள்.

எனக்கு வந்ததே கோபம்! கடைக்குப் போய், நாலு பேர் முன்னாலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் அழுகை முட்டிவிட்டது. எனக்கு ஜடை பின்னவே தெரியாது, கல்யாணம் ஆகும்வரை என் தலையையே எங்கம்மாதான் பின்னிவிடும் என்றேன். பூங்காவனம் கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். தொங்கிக்கொண்டிருந்த சவுரி ஒன்றை எடுத்து என் கையில் திணித்தாள்.

"ஜன்னல் கம்பியில கட்டிப் பின்னிப் பழகு. தப்பு என்னுது. கதையில நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

பார்த்தும்கொண்டாள். தொடரில் அந்தச் சித்தி ஜன்னல் கம்பியில் சவுரியைக் கட்டிப் பழக, வேலை விட்டு வந்த புருஷன் வாசலிலேயே நின்று பார்த்துக் காதலில் விழுந்தான். எங்கள் வீட்டிலோ அவர், "இன்னா இது, ஜன்னலுக்கு ஜடை போடுற?" என்றுவிட்டு டீ கேட்டார். விடுவேனா? அந்த அத்தியாயத்தை உட்காரவைத்துப் படிக்கவைத்தேன். மறுநாள் டீயை அவரே போட்டார், சர்க்கரைதான் கொஞ்சம் அதிகம். வில்லி எப்படித் திடீரென்று திருந்தினாள் என்று வாசகர்கள் கொதித்தார்கள். அதற்குப் பூங்காவனம் தொடரின் நடுவிலேயே பதில் எழுதினாள்: "சித்தி மாறவில்லை. நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேன்." அதன்பிறகு எந்த அத்தியாயத்தையும் நான் படிக்காமல் அவள் போட்டதில்லை.

யாழினி மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தாள். ஆனால் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். அந்தச் சொல் எனக்கு முள் மாதிரி உறுத்தும். பள்ளி நோட்டில் அம்மா பெயர் என்ற இடத்தில், இறந்துபோனவளின் பெயரை அவள் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, ஒருநாள் கடையில் போய்ப் புலம்பினேன். பூங்காவனம் வளையல் அடுக்குவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"அந்த எடத்துல ஒருத்தி இருந்துட்டுப் போயிருக்கா. அத ஏன் கேக்குற? சித்தின்னா யாருன்னு இந்த ஊருக்கு நீ காட்டு. நான் எழுதுனது பத்தல."

சுருக்கென்று தைத்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானேதான் போனேன்.

யாழினி இப்போது விழுப்புரத்தில் நர்சிங் படிக்கிறாள். செய்தி கேட்டதும் பஸ் பிடித்து வந்துவிட்டாள். சாவு வீட்டில் என்னை உட்காரவைத்து, குடிக்க மோர் கொடுத்து, தோளைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றாள். வெளியூர் வாசகி ஒருவர், உங்க பொண்ணா என்று கேட்டார். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு அவசரமாக ஆமாம் போட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். அன்று மாற்றத் தோன்றவில்லை. பூங்காவனத்திடமிருந்து எனக்கென்று நான் எடுத்துவைத்துக்கொண்டது, முன்பு முள்ளாக உறுத்திய அந்த ஒரு சொல்தான். அவள் படுத்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"நான் இவளுக்குச் சித்தி."