கலாராணி போட்ட நாலு

பெரகல சந்தியிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறும் வழியில், பழைய மரக்கறிக் களஞ்சியம் ஒன்றுக்கு வெள்ளையடித்து, அதற்குள் ஒரு சின்ன பியர் தொழிற்சாலை நடத்தினார்கள். அங்கே போத்தல் கழுவும் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவள் கலாராணி. வயது நாற்பத்தொன்று. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் தேயிலை பெக்டரியில், டீமேக்கர் ருசி பார்க்கும் அறையில் தண்ணீர் கொதிக்க வைத்துக் கோப்பை அடுக்கியவள். அவர் ருசி பார்த்துவிட்டுப் போன பிறகு, மிச்சமிருக்கும் கோப்பைகளை ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பார்த்துத் துப்புவாள். எந்தக் கொழுந்து வெயிலில் கிடந்தது, எது அடுப்பில் தீய்ந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. பெக்டரியை மூடியபோது அந்த நாக்கோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

பியர் தொழிற்சாலையில் கலாராணியோடு மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். மது செய்யும் இடத்தில் பெண்கள் வேலை செய்ய மதுவரித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்; அதையும் எடுத்துக் கொடுத்தார்கள். அவள் குடியிருந்த தோட்டத்து லயத்து வீடுகளில் சிலர் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். கலாராணி அனுமதிக் கடிதத்தின் பிரதியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள். பேச்சு அதோடு குறைந்தது.

அங்கே பியர் காய்ச்சுபவன் துஷாந்த், பண்டாரவளைக்காரன், முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒருநாள் அவள் காலியான ரப்பர் குழாய் ஒன்றை மோந்து பார்த்து, நேற்று இதைச் சரியாகக் கழுவவில்லை என்று சொன்னதைக் கேட்டுவிட்டான். அடுத்த வாரமே அவளை ருசி பார்க்கும் மேசையில் உட்கார வைத்தான். முதல் நாள் அவள் தேயிலைக்குச் செய்வது போலவே உறிஞ்சி, வாயில் சுழற்றி, வாளியில் துப்பினாள். பியரின் கசப்பு தொண்டையில்தான் தெரியும், துப்பினால் பாதிதான் தெரியும் என்று அவன் விளக்கினான். ஒரு மடக்கு, அதற்கு மேல் இல்லை என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

அவர்கள் புதிதாகப் போட்டது கோதுமை லாகர். மலையேறி இறங்கி வரும் வெளிநாட்டுக்காரர்கள் தாகத்துக்குக் குடிக்க, தலையைப் பிடிக்காத, வயிற்றை நிரப்பாத இலேசான பியர். நிறம், நுரை, மணம், ருசி எல்லாம் பார்த்து மொத்தத்தில் பத்துக்கு ஒரு மார்க் போடவேண்டும். கலாராணி தன் தாளில் தமிழிலேயே எழுதுவாள். நல்ல பியர் என்றால், "ரொட்டி ஓரம் சுட்ட மணம், பின்னால கொஞ்சம் தோடம்பழத் தோல்" என்று எழுதுவாள். துஷாந்த் அதை அப்படியே தன் கொப்பியில் பதிந்துகொள்வான்.

ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. எல்ல பக்கம் புதிதாகத் திறக்கும் ஹோட்டல் ஒன்றுக்கு ஐம்பது பெட்டி போகவேண்டியிருந்தது. மேசையைச் சுற்றி ஐந்து பேர். முகாமையாளர் ரஜீவும் இருந்தார். போத்தலைத் திறந்து ஐந்து கிளாஸில் ஊற்றினார்கள். மற்றவர்கள் குளிரோடு குடித்து மார்க் போட்டார்கள். கலாராணிக்கு ஒரு பழக்கம். தேயிலையைச் சூட்டோடு பார்த்துப் பழகியவள், ஆறிக் குளிர்ந்த எதையும் நம்பமாட்டாள். கிளாஸை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, குளிர் விடும்வரை காத்திருந்தாள். பிறகு மோந்தாள்.

காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரின் மணம். மெல்லியதாக, ரொட்டி மணத்துக்கு அடியில். ஆனால் இருந்தது.

மற்றவர்கள் எட்டு, எட்டு, ஒன்பது, ஏழு. கலாராணி நாலு.

ரஜீவ் தாளை வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. அவளுக்குத் தடிமன் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். பிறகு வேறொரு பெட்டியிலிருந்து இன்னொரு போத்தலைத் திறக்கச் சொன்னார். கலாராணி அதையும் பொத்திப் பிடித்து, மோந்து, ஒரு மடக்குக் குடித்தாள். குறை ஒன்றும் இல்லை. எட்டு என்று எழுதினாள்.

"ஒரே தாங்கிப் பியர். அஞ்சு நிமிசத்துல நாலு எட்டாயிருச்சு," என்றார் ரஜீவ். "அப்ப கொறை பியர்ல இல்ல."

சனிக்கிழமை லொறி வரும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். துஷாந்த் கொப்பியை மூடினான். அவன் கண்ணில் முதல் முறையாக ஒரு சந்தேகம் தெரிந்தது. அது அவளை ரஜீவின் பேச்சைவிட அதிகமாகச் சுட்டது.

மத்தியானம் கழுவும் பகுதிக்குத் திரும்பி, ஈரத் தரையில் நின்றபோதுதான் அவளுக்கு விளங்கியது. ஒரே தாங்கிப் பியர் ஒரு போத்தலில் நன்றாகவும் இன்னொன்றில் கெட்டும் இருந்தால், கெடுதல் போத்தலில்தான் இருக்கவேண்டும். பழைய போத்தல்களைக் குளோரின் தண்ணீரில் ஊறப்போட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசவேண்டும்; குளோரின் மிஞ்சினால் பியரில் பிளாஸ்டர் மணம் ஏறும். போன திங்கட்கிழமை வறட்சியில் குழாய்த் தண்ணீர் நூலாக வந்தது. கடைசி இரண்டு தட்டு, பத்துப் பெட்டிக்கான நூற்றிருபது போத்தல், மிச்சமிருந்தது. தோட்டத்துக்குப் போகிற கடைசி பஸ் நாலேகாலுக்கு. அவள் அந்த இரண்டு தட்டையும் ஒரு தரம் மட்டும் அலசினாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அவளே செய்தாள்.

அன்று பஸ்ஸில் இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

புருஷன் ஜெயகுமார் மரக்கறி லொறி ஓட்டுகிறவன். அன்று நேரத்தோடு வந்திருந்தான். அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, நடந்ததை எல்லாம் சொன்னாள். அவன் பாதித் தேத்தண்ணியோடு நிறுத்திவிட்டான். அவளுக்குத் தடிமன் என்று அவர்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கும்போது, அதை விட்டுவிட்டுத் தானாகப் போய் மாட்டிக்கொள்வானேன் என்பது அவன் கேள்வி. இன்னொரு வேலைக்கு இந்த வயதில் எங்கே போவது என்றும் கேட்டான். பொல்லாதவன் இல்லை, பயந்துபோயிருந்தான்.

"ஆரும் செத்துப்போற விசயமா? கொஞ்சம் மணம் அடிக்குது. குடிக்கிறவனுக்கே தெரியலங்குற," என்றான்.

"எனக்குத் தெரியுதுல்ல," என்றாள் கலாராணி. "இன்னைக்கு இது நாலு இல்ல, எட்டுதான்னு சொல்லிட்டா, நாளைக்கு நான் போடுற எட்டுக்கு என்னாங்க மதிப்பு?"

அவன் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். காலையில் தொழிற்சாலை வாசல்வரை தானே கூட்டிக்கொண்டு வந்து விட்டான்.

அவள் நேராகத் துஷாந்திடம் போனாள். "தம்பி, நாப்பதாம் பெட்டி வரைக்கும் நல்ல பியரு. நாப்பத்தொண்ணுலருந்து அம்பது வரைக்கும் கெட்டது. அந்தப் போத்தல நான் ஒருக்காத்தான் அலசுனேன். ஒங்களுக்கு நம்பிக்கை இல்லாட்டி என்னைய சோதிச்சுப் பாருங்க."

அவன் நாற்பதுக்குள் ஒரு பெட்டியும் அதற்கு மேல் ஒரு பெட்டியும் எடுத்து வந்தான். பிறகு ரஜீவைக் கூப்பிட்டு, அவருக்கு முன்னால் மூன்று மூன்றாக ஒன்பது கிளாஸ் வைத்தான். ஒவ்வொரு மூன்றிலும் இரண்டு ஒரே பியர், ஒன்று வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். கிளாஸ்களுக்கு அடியில் இலக்கம் ஒட்டி, அவளை வெளியே நிற்க வைத்துவிட்டு அடுக்கினார்கள்.

உள்ளே வந்தவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு கிளாஸாகப் பொத்திப் பிடித்துச் சூடேற்றினாள். ரஜீவ் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மூன்றில் நடுக் கிளாஸைத் தள்ளி வைத்தாள். இரண்டாவதில் கடைசி. மூன்றாவதில்தான் திணறினாள். இரண்டு தரம் மோந்து பார்த்துக் கீழே வைத்தாள், வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வந்தாள், மறுபடி மோந்தாள். கடைசியில் முதல் கிளாஸைத் தள்ளினாள்.

துஷாந்த் ஒவ்வொன்றாகத் தூக்கி அடியைப் பார்த்தான். மூன்றும் சரி. தள்ளி வைத்த கிளாஸ் ஒன்றை எடுத்து, அவளைப் போலவே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றான். வெகுநேரம் கழித்து மோந்து பார்த்துவிட்டு, அதை ரஜீவிடம் நீட்டினான்.

"பிளாஸ்டர்," என்றான். "இப்ப எனக்கும் தெரியுது."

பத்துப் பெட்டியையும் அன்றைக்கே திறந்து, கழிவுக் குழாயில் ஊற்றினார்கள். ஊற்றும் வேலையில் கலாராணியும் நின்றாள். ஒவ்வொரு போத்தலும் குடுகுடுவென்று காலியாகும்வரை கையில் பிடித்திருந்தாள். ஹோட்டலுக்கு நாற்பது பெட்டி போனது, மீதிக்கு ஒரு வாரம் தவணை கேட்டார்கள்.

பின்னேரம் ரஜீவ் அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். எழுத்தில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அலசும் வேலையில் கவனக்குறைவு என்று அதில் இருந்தது. அவள் முழுதும் வாசித்தாள். எழுதியிருந்ததில் பொய் ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டாள். அடுத்து அவர், இனி ருசி பார்க்கும் மேசைக்கு அவள் வரவேண்டாம், கழுவுகிறவரே மார்க் போடுவது முறையல்ல என்றார்.

"கடுதாசி குடுத்தீங்க, வாங்கிக்கிட்டேன் சார். அது என் தப்பு," என்றாள் கலாராணி. "மேசைய விட்டு எடுக்காதீங்க. வேணும்னா கழுவுற வேலைய மாத்துங்க. கழுவ ஆள் கெடைக்கும்."

ரஜீவ் பேனாவை மூடினார், திறந்தார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அவள் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வெளியே போகவில்லை. யோசிக்கும்வரை நிற்பதாகச் சொல்லி, கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். கொஞ்ச நேரத்தில் துஷாந்த் உள்ளே வந்தான். அவனும் உட்காரவில்லை. இரண்டு பேரும் அப்படி நிற்பதைப் பார்த்து, சரி, மேசையில் இருக்கட்டும் என்றார் ரஜீவ்.

கழுவும் வேலையும் அவளிடமே இருந்தது. அலசி முடிந்த ஒவ்வொரு தட்டிலும் குளோரின் இருக்கிறதா என்று பார்க்க, நிறம் மாறும் கடதாசித் துண்டு ஒன்றைத் துஷாந்த் வரவழைத்துக் கொடுத்தான். தண்ணீர் மெதுவாக வரும் நாட்களில் அவள் கடைசி பஸ்ஸை விட்டுவிடுவாள். ஜெயகுமார் சந்திக்கு வந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போவான்.

மூன்று வாரம் கழித்து அடுத்த கோதுமை லாகர் மேசைக்கு வந்தது. எல்லோரும் ஒன்பது போட்டார்கள். ரஜீவ்கூட ஒன்பது. கலாராணி கிளாஸைப் பொத்தி, மோந்து, ஒரு மடக்குக் குடித்து, கிளாஸை மேசையில் வைத்துவிட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு ஏழு என்று எழுதினாள்.

துஷாந்த் கொப்பியைத் திறந்து காரணம் கேட்டான்.

"ருசி நல்லாருக்கு, மணமும் நல்லாருக்கு. நுரை ஒரு நிமிசங்கூட நிக்கல," என்றாள் கலாராணி.

அவன் அதை எழுதிக்கொண்டான்.