மரியாதைக்கு ஒரு 'வேண்டாம்'

போன வாரத்துக்கு முந்தின வாரம் என் மச்சினன் தேவராஜ் தேடி வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

இது சண்டைக் காலம். படித்த பையன்களெல்லாம் ரேஷன் ஆபீசில் டெம்பரரி குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, தபால்காரரை வழிமேல் விழி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவனைத் தேடி வேலை வருகிறது. அதுவும் எங்கே? ராஜபாளையத்தில், அவன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நூல் மில்லில். அப்ரெண்டிஸ் சூப்பர்வைசர்! இந்தத் துரை வேண்டாம் என்கிறார்.

தேவராஜ் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஞானத்தின் ஒரே தம்பி. சென்னையில் இஞ்சினீயரிங் டிப்ளமோ படிக்கிறான். இன்னும் ஒரு வருஷம் பாக்கி. கோடை லீவுக்கு ராஜபாளையம் வந்திருக்கிறான். அங்கே அவன் அப்பா – அதாவது என் மாமனார் – மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்.

பட்டாளத்துக்குத் துணி வேண்டும் என்று மில் ராப்பகலாக ஓடுகிறது. ஆள் போதவில்லை. மானேஜர் யாரிடமோ விசாரித்து இவனைக் கூப்பிட்டனுப்பினார். "திங்கட்கிழமையே சேர்ந்துவிடு. படிப்பை நிறுத்திக்கொள். மீதியை இங்கேயே கற்றுக்கொள்ளலாம்" என்றாராம். இவன் "நோ சார், தாங்க் யூ சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

எனக்குக் கேட்டதும் வயிறு எரிந்தது. என் மாமனாருக்கோ பெருமை தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்துவிட்டார். "தங்கள் குமாரன் உலக ஆசைக்கு இணங்காமல் கல்வியைத் தெரிந்துகொண்டபடியால் ஒரு குடும்பத்தார்..." என்று பாதிரி ஐயர் சபை முன்னால் வாசித்தார். அத்தோடு விட்டாரா? பிரசங்கத்திலும் நடுவில் இரண்டு தடவை "நம் வாலிபர் ஒருவர்" என்று இழுத்தார். ஆராதனை முடிந்ததும் அம்மாமார்கள் வரிசையாக வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

புதன்கிழமை பார்த்தால், பெட்டியும் கையுமாக ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறான்!

ஞானம் தோசை வார்த்துப் போட்டாள். தம்பி அதைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தான்.

"என்னலே, காய்ச்சலா?"

"இல்லக்கா. அங்க இருக்க முடியல. மில்லுச் சங்கு ஊதுது. காலைல ஊதுது, மத்தியானம் ஊதுது, ராத்திரியும் ஊதுது. ஒவ்வொரு தடவயும் என்னையவே கேக்குற மாதிரி இருக்கு."

"சங்கு ஊருக்கே ஊதுது. ஒனக்கு மட்டுமாலே ஊதுறான்? சாப்புடு."

சாயங்காலம் என்னோடு தெப்பக்குளம் பக்கம் நடந்து வந்தான். கொஞ்ச தூரம் போனதும் சட்டென்று நின்றான்.

"அத்தான், ஒண்ணு சொல்லணும். அக்காட்ட சொல்லிராதீக. அப்பாட்ட சொல்லவே சொல்லிராதீக."

"என்னது மாப்ளே?"

"நான் அந்த வேலையை வேண்டாம்னு சொல்லல."

"நீதான சொன்ன?"

"சொன்னேன். சும்மா சொன்னேன். மொதத் தடவ கேக்கும்போதே சரின்னா, 'சரியான பறக்காவெட்டி'ன்னு நெனச்சிர மாட்டாரா? இன்னொரு தடவ கேப்பாரு, பொறவு யோசிச்சுச் சொல்லலாம்னு நெனச்சேன். அவரு என்னடான்னா கையக் குடுத்து 'வெரி குட்'னுட்டு அடுத்த ஃபைலத் திறந்துட்டாரு!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் முகம் போன போக்கைப் பார்த்து, வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டேன்.

யோசித்துப் பாருங்கள்... நம் பக்கத்தில் எவன் முதல் தடவையே சரி என்கிறான்? விருந்துக்குப் போனால் இலையில் உட்காரும் முன்பே "இப்பத்தான் சாப்புட்டு வாரேன்" என்கிறோம். காப்பி என்றால், "எதுக்குங்க சிரமம்?" வீட்டுக்காரரும் லேசுப்பட்டவரா? நாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பால் காய்ந்துகொண்டிருக்கும். நான் கோர்ட்டில் குமாஸ்தா. அங்கே ஒருவன் வேண்டாம் என்று சொன்னால் உடனே எழுதிக்கொள்வார்கள். வீட்டிலே சொன்னால் இலையில் இன்னும் இரண்டு போடுவார்கள். (சர்க்கரைக்கு ரேஷன் வந்ததிலிருந்து வற்புறுத்துகிறவர்களின் குரலில் சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அது வேறு விஷயம்.)

மில் மானேஜர் பம்பாய்ப் பக்கத்து மனிதர். அவருக்கு இந்தச் சம்பிரதாயம் எப்படித் தெரியும்?

"சரி மாப்ளே, இப்பச் சொல்லு. ஒனக்கு அந்த வேலை வேணுமா, வேண்டாமா?"

"அதான் தெரியல அத்தான். நெசமாவே வேண்டாம்னுதான் சொன்னேனா, இல்ல மரியாதைக்குச் சொல்லி வேலையத் தொலச்சிட்டேனான்னு எனக்கே வெளங்கல. ஊரெல்லாம் என்னையப் பெரிய தியாகியாக்கிட்டாக. படிப்புச் செலவுக்கு அப்பா இருட்டுறவரைக்கும் ட்யூஷன் சொல்லிக் குடுத்துட்டு வாராக. அவியளப் பாத்தா திங்கிற சோறு எறங்க மாட்டேங்கு."

கண் கலங்கியிருந்தது. அதற்குமேல் எனக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. சனிக்கிழமை நானே அவனைக் கூட்டிக்கொண்டு போய் மானேஜரைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். வேலையை எப்படியாவது திரும்ப வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

ஞானத்திடம் மூச்சு விடவில்லை. "மாமாவைப் பார்த்துட்டு வாரோம்" என்று மட்டும் சொன்னேன். கிளம்பும்போது ஓர் ஓலைப்பெட்டியைக் கையில் கொடுத்தாள். உள்ளே பால்கோவா.

"மாமாவுக்கா?"

"அந்த மானேஜருக்கு. மாசச் சர்க்கரையில பாதி போச்சு. காரியம் நடக்காம வந்துறாதீக."

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். என் வீட்டுச் சுவருக்கு ஞானம் என்று பெயர்.

பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் விடலாமா? பெட்ரோல் இல்லாத காலத்தில் எல்லாம் கரியை எரித்து அந்தக் கேஸில் ஓடுகிற கரி வண்டிதான். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதற்கு முன்னால் பின்பக்கம் போய் அடுப்புக்குத் துருத்தி சுற்றினார். வழியில் ஒரு மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தள்ளும்போதும் தேவராஜ் சும்மா இருக்கவில்லை. எங்கே கேஸ் கசிகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே தள்ளினான். "மாப்ளே, போன ஒடனே சரின்னு சொல்லிரு. வேற பேச்சே பேசாத" என்றேன். "சரி அத்தான்" என்றான், குழாயைப் பார்த்துக்கொண்டே.

மில்லில் மானேஜர் நல்லபடியாக வரவேற்றார். பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். பால்கோவாப் பெட்டியை நீட்டினேன். "எதற்கு இதெல்லாம்?" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே! "ஓ, தாங்க் யூ" என்று வாங்கினார், திறந்தார், அங்கேயே ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "பிரமாதம்!" என்று இன்னொரு விள்ளலும் எடுத்தார். நான் அசந்துபோனேன். கொடுத்த எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது என்பதை மறைப்பானேன்?

"டீ சாப்பிடுகிறீர்களா?" என்றார்.

பஸ் தள்ளி வந்த தாகம், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் வாய் என்ன சொல்லிற்று தெரியுமா? "நோ சார், தாங்க் யூ சார்."

பியூன் ஒரே ஒரு டீ கொண்டுவந்து வைத்தான். அதை மானேஜர் குடித்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். தேவராஜ் என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க முடியாது.

அவர் கோப்பையைக் காலி செய்வதற்குள் விஷயத்தை உடைத்தேன். "சார், எங்கள் பக்கத்தில் முதல் தடவை சொல்லும் 'நோ' நோ அல்ல. அது மரியாதை. இந்தப் பையன் போன வாரம் சொன்னதும் அதுதான். இப்போது நான் சொன்னதும் அதுதான்."

மனிதர் டீயைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பியூனைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு டீ கொண்டுவரச் சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "அப்படியானால், எத்தனையாவது நோ நிஜம்?"

என்ன பதில் சொல்வது? இத்தனை வருஷம் இந்த மண்ணில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வாழ்ந்தும் இதை நான் யோசித்ததே இல்லை. அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்து வைத்தேன்.

அவர் தேவராஜ் பக்கம் திரும்பினார். "இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மறுபடியும் கேட்கிறேன். வருகிறாயா?"

நான் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"சார், எனக்கு என்ன வேலை என்று தெரிந்துகொள்ளலாமா?"

போன வாரம் அதைக்கூடக் கேட்காமல் வந்திருக்கிறான்! கேட்டால் வேலைக்கு அலைகிறவன் மாதிரித் தெரியுமாம். மானேஜர் பொறுமையாகச் சொன்னார். ஸ்பின்னிங் ஷெட்டில் ஷிப்ட் முழுக்க நிற்க வேண்டும். ஆட்கள் நேரத்துக்கு வருகிறார்களா, நூல் அறுந்தால் சும்மா நிற்கிறார்களா, யார் அடிக்கடி வெளியே போகிறார்கள்... இதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"இஞ்சின் ரூமில் போடுவீர்களா சார்?"

"அங்கே ஆள் இருக்கிறது. எனக்கு வேண்டியது ஷெட்டுக்கு."

இரண்டு டீ வந்தது. தேவராஜ் ஒன்றை எடுத்துக் குடித்தான். பிறகு கோப்பையை வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தி, "நோ, சார்" என்றான். தாங்க் யூ அப்புறம்தான் வந்தது.

"படிப்பு முடிந்ததும் இஞ்சின் ரூமுக்கு வந்து கேட்கலாமா?"

"கேள். ஆனால் இப்போதே வாக்குக் கொடுக்க மாட்டேன்."

"கேட்பேன் சார்" என்றான்.

மானேஜர் என்னைப் பார்த்து, "இது நிஜ நோதானே?" என்றார். நான் டீயைக் குடித்தேன்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் என் கோபமெல்லாம் பொங்கிவிட்டது. "ஏலே, வீடு தேடி வந்த சீதேவிய ரெண்டாந் தடவயும் வெரட்டிட்டியே! ஒங்க அக்காளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அவன் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. நேரே பக்கத்துக் காப்பி கிளப்புக்குள் நுழைந்தான். கடைக்கார ராஜு "ரண்டி, ரண்டி" என்று தெலுங்கில் வரவேற்று இலை போட்டார். நாலு இட்லியை விழுங்கிவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்னால், "இன்னும் ரெண்டு வைங்க" என்றான். மூன்று நாளாகத் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த பையன்! அவன் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கே மனசு நிறைந்துபோயிற்று. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"வருத்தமா இல்லையாலே?"

"இருக்கு அத்தான். அப்பா இன்னும் ஒரு வருசம் ட்யூஷனுக்கு அலையணும். அத நெனச்சா வருத்தமாத்தான் இருக்கு."

"பின்ன என்னத்துக்குலே வேண்டாம்னு சொன்ன?"

கையை நக்கிவிட்டு என்னைப் பார்த்தான்.

"அன்னைக்குச் சொன்னது நம்ம ஊரு அத்தான். இன்னைக்குச் சொன்னதுதான் நான்."

எனக்கு வயது நாற்பத்தைந்து. நானாகச் சொன்ன 'வேண்டாம்' ஒன்றாவது உண்டா என்று நாலு நாளாக யோசிக்கிறேன்... இன்னும் அகப்படவில்லை.