விரல் நுனி வெண்மையும் திருவிருந்துப் பாத்திரமும்

என்னை அறியாதவர் நம் சபையில் இல்லை. ஆயினும் முறைப்படி சொல்லிவிடுகிறேன். பௌதிகத்தில் முதுகலை பயின்றவன். நாச்சாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு மேலாளராக இருந்து ஓய்வு பெற்று, சைனிக்புரியில் குடியிருப்பவன். திருவிருந்தில் போதகருக்குத் துணையாகத் திராட்சரசப் பாத்திரம் ஏந்தும் மூப்பன்.

சென்ற லெந்து நோன்புக் காலத்தில் என் இரு கைகளிலும் வெள்ளைத் திட்டுகள் தோன்றின. அவை மணிக்கட்டை எட்டுவதற்குள் சக மூப்பர் செல்வின் என் வீட்டை எட்டிவிட்டார்.

“அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. வெண்குஷ்டம்னாலும் குஷ்டந்தான? பிள்ளைக வாய் வைக்கிற பாத்திரம். ஈஸ்டருக்கு நீங்க பிடிக்க வேண்டாம். நக்கோ.” இவ்வூர் உருதுவிலும் ஒருமுறை ‘வேண்டாம்’ சொல்லிவிட்டார்.

தமிழில் யாரோ அந்தத் தோல்மாற்றத்துக்கு வைத்த பிழையான பெயர் அவருக்குப் போதுமானதாக இருந்தது. வேதத்தில் குஷ்டம் பற்றிய ஓர் அதிகாரத்தை வாசித்ததும் தோல் மருத்துவராகிவிடுகிறவர்களுக்கு விளக்கம் எதற்கு?

ஈஸ்டர் ஆராதனையில் பாத்திரம் செல்வினின் கையில் இருந்தது. நான் பின்வரிசையில் இருந்தேன். வீடு திரும்பிக் கதவைச் சாத்தினேன். “ஆண்டவரே, நிறத்தை நான் கேட்கவில்லை. அந்தப் பாத்திரத்தைத் திருப்பித் தாரும்” என்று மன்றாடினேன். அழுதேன். என் மனைவி ரூபி மட்டுமே அதை அறிவாள்.

தோல் மருத்துவரிடம் என்னை அழைத்துச் சென்றவளும் அவளே. இது தொற்றாது, குஷ்டத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றார் மருத்துவர். புற ஊதா ஒளி தரும் சிறு விளக்கை வீட்டில் பயன்படுத்தச் சொல்லி, அதை இயக்கும் விதத்தையும் கற்றுக்கொடுத்தார். அவர் குறித்த நேரம் மட்டுமே. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மற்றத் தோலை மூட வேண்டும். மறுநாள் சிவப்பு நீடித்தால் நிறுத்திவிட்டு அவரைக் கேட்க வேண்டும். நான் அப்படியே செய்தேன்.

ஒரு மாலை செல்வின் ஜெப எண்ணெயோடு வந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“செல்வின், வெளியே இரும். கண்ணாடி இல்லாமல் இதைப் பார்க்கக் கூடாது.”

“வெளிச்சம் தேவன் படைச்சதுல்லா அண்ணாச்சி! அதுக்குப் போயி கண்ணாடியா? இம்புட்டு நேரம் பத்தாது. ஒரு மணி நேரம் வச்சா ஒரே வாரத்துல சரியாயிரும்.”

“வெளியே போம் என்கிறேன்.”

“ஹவ், ஹவ், போறேன்” என்று அதே உருதுவில் ஆமாம் போட்டவர் போகவில்லை. எதிரே அமர்ந்து விளக்கையே உற்றுப் பார்த்து ஜெபித்தார். நான் விளக்கை அணைத்த பிறகே எழுந்தார். அன்றிரவே கண்ணில் மணல் விழுந்ததுபோல் எரிச்சல், ஓயாத நீர். கண் மருத்துவர் தந்த சொட்டு மருந்தில் குணமானார். அடுத்த ஜெபக்கூட்டத்தில் என் வீட்டில் மகிமையைக் கண்டதாகச் சாட்சி சொன்னார்.

அதைக் கேட்ட போதகர் விசாரிக்க வந்தார். அவரை என் மருத்துவரிடமே அழைத்துச் சென்றேன். மருத்துவர் உறையணியாத தம் கைகளால் என் கைகளைப் பற்றிக்கொண்டு அவருக்கு எல்லாம் விளக்கினார். வெளியே வந்ததும் போதகர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“மூப்பரே, அறுப்பின் பண்டிகைக்குப் பாத்திரத்த நீங்கதான் பிடிக்கணும்.”

பிடித்தேன். முழங்காலிட்டுக் காத்திருந்தவர்களின் வரிசையில் செல்வினும் இருந்தார். ஒரு கணம் என் விரல்களைப் பார்த்தார். பிறகு குடித்தார். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார்.

அன்று முதல் நான் முழங்காலில் நிற்கும் நேரம் கூடியிருக்கிறது. கலங்கியிருப்பவர்களே, நீங்களும் கேளுங்கள். பதிலாக அவர் மருத்துவரை அனுப்பினால், அந்த மருத்துவர் குறித்த நேரத்தை உங்கள் விசுவாசத்தால் நீட்டாதீர்கள்.

செல்வின் மூலமாகப் பரவியிருக்கும் செய்திகளைத் திருத்திவிடுகிறேன். என் கைகள் ஒரே இரவில் மாறவில்லை. புறங்கையில் மெல்ல நிறம் திரும்பியது, விரல் நுனிகள் இன்றும் வெண்மைதான். எனக்கு வந்தது குஷ்டம் அல்ல. அவர் கண்டது மகிமையும் அல்ல.