குழாயில் தண்ணீர் நின்ற நாள்

என் மகள் சித்ரா வாசலில் மோட்டார் சைக்கிளோடு லேப்டாப்பை வயரால் மாட்டி, எஞ்சினுக்குள் எவ்வளவு பெட்ரோல் பாய வேண்டும் என்று தானே திருத்தப் பழகிக்கொண்டிருந்தாள். அவளோடு வேலை பார்க்கும் ஆண்கள் நாலு பேர் சுற்றி நின்றார்கள். வண்டி நின்ற இடத்திலேயே, காற்றுப் படாமல், வெகுநேரமாக உறுமியது. காய்ந்த இரும்பு வாடை அடுப்படி வரைக்கும் வந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது, எங்கள் ஊர் மானகிரியில், கிணற்றுத் தண்ணீரை வயலுக்கு இறைக்கும் அப்பாவின் எஞ்சினிலும் ஒரு நாள் இதே வாடை வந்தது. அது சூடேறாமல் இருக்கச் சின்னக் குழாயில் தண்ணீர் ஓடும். "தண்ணி நின்னா கத்து தாயி" என்று என்னை உட்கார வைத்துவிட்டு, அவர் மடை திருப்பப் போயிருந்தார். தண்ணீர் நின்றது. பக்கத்து வயல் ஆட்கள் அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் கத்தக் கூச்சப்பட்டுப் பாவாடையைத் திருகிக்கொண்டிருந்தேன். எஞ்சின் சூடேறி இறுகி, ஓடாமல் நின்றுபோனது. தண்ணீர் இறைக்க வழியில்லாமல் அந்த வருஷ நெல் கருகியது.

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே தாயி" என்றார் அப்பா. அதற்கு மேல் திட்டவில்லை.

மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"எங்களுக்கா கொண்டாரீக?" என்று ஒருவர் சிரித்தார்.

"வண்டிக்கு! மொதல்ல அதை நிப்பாட்டுங்க!" கத்தியே விட்டேன்.

சித்ரா சாவியைத் திருப்பினாள். "ஆத்தாடி, ஒனக்கு இம்புட்டுச் சத்தம் வருமாம்மா?"