வேம்புக்குப் போட்ட புள்ளிகள்

லாசரஸ் குழாய் வேலை பார்ப்பவர். குடியிருப்பது பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் என்றாலும் அவருக்கு வேலை கொடுப்பதெல்லாம் சிட்லபாக்கத்து வீடுகள்தான். அங்கே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் அதிகம். மோட்டார் கொஞ்சம் இருமினால் போதும், உடனே போன் வந்துவிடும். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. தமிழை எழுத்துக் கூட்டாமல் வாசிப்பார், இங்கிலீஷ் என்றால் மோட்டார் மேல் எழுதியிருக்கிற அளவுக்குத் தெரியும். எந்த மொட்டைமாடியில் ஏறினாலும் டேங்க் மூடியைத் திறப்பதற்கு முன் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்லிக்கொள்வார். ஒரு தடவை மூடிக்கு அடியில் பாம்பு இருந்தது. அதிலிருந்து கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறார்.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த மனிதருக்கு அந்த வருடம் ராத்தூக்கம் போனதற்குக் காரணம் அவருடைய ஒரே மகள் ஹெப்சி.

ஹெப்சியைச் சபையிலேயே பார்த்துப் பேசி முடித்த பையன் ஜாய்சனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஜாய்சனுக்குத் தோஹாவில் வேலை. பெரிய கட்டடங்களுக்கு ஏசி போடுகிற கம்பெனியில் சூப்பர்வைசர். கல்யாணம் முடிந்த கையோடு அவர் விமானம் ஏறிவிட்டார். ஒப்பந்தம் முடிந்ததும் ஊரோடு வந்துவிடுவேன், கிறிஸ்துமஸுக்கு இங்கேதான் கேக் வெட்டுவோம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஹெப்சி அதுவரை அம்மா அப்பாவோடு இருந்துகொண்டு, சாயங்கால ஷிப்டில் வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை பார்த்து வந்தாள். ஆனால் மாப்பிள்ளை இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, போட்ட பிறகுதான் இவளுக்குச் சொன்னார்.

ஹெப்சி அழவில்லை, கத்தவும் இல்லை. "சரி" என்று சொல்லி போனை வைத்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை போனில் "சாப்டியா", "ம்", "சரி வைக்கிறேன்" என்பதோடு முடிந்தது. பிறகு அதுவும் நின்றது.

நிற்காமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். கம்ப்யூட்டர் ஆட்டம்.

நிச்சயம் ஆன நாளிலிருந்தே இருவரும் சேர்ந்து விளையாடுகிற ஆட்டம் அது. வெள்ளிக்கிழமை தோஹாவில் லீவு. மத்தியானம் ஆனால் ஹெப்சி லேப்டாப் முன்னால் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்காருவாள். ஆளுக்கு ஒரு பாத்திரம். மாப்பிள்ளையுடையது இரும்புக் கவசம் போட்ட ஆள். ஹெப்சியுடையது தலையில் முக்காடு போட்ட ஒரு மெலிந்த பெண், பெயர் வேம்பு. இரண்டும் காட்டிலும் கோட்டையிலும் சுற்றும். "இடது பக்கம் வாங்க." "மருந்தக் குடிச்சிடு." "பின்னாடி ஒருத்தன் நிக்கிறான் பாரு." இவ்வளவுதான் பேச்சு. இதையும் நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று யாராவது ஒருவர் கேட்க வேண்டி வரும், அதனால்தான் இருவரும் நிறுத்தவில்லை என்று லாசரஸின் மனைவி ஜெயசீலி சொல்வாள். அடுப்படியில் வெங்காயம் உரித்தபடி அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பது லாசரஸுக்கு ஒரு ஆறுதல்.

ஒரு நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தார். ஆட்டம் தமிழிலேயே இருந்தது. ஹெப்சி ஏதோ பட்டியலைத் திறந்து வைத்திருந்தாள். வலு, சுறுசுறுப்பு, உடல் உறுதி, அறிவு என்று வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே கிளை கிளையாக இன்னும் பல.

"இது இன்னாமா, ரேஷன் கடை போர்டு மாதிரி கீது?"

"வேம்பு எப்படிப்பட்டவள்னு இதுல நாமதான் முடிவு பண்ணணும் டாடி. மொத்தமா இவ்ளோ புள்ளிதான் குடுப்பாங்க. அதப் பிரிச்சுப் போடணும். வலுவுல போட்டா கனமான கவசம் போட்டுக்கலாம். கவசம் கனமானா சுறுசுறுப்பு போயிடும். சுறுசுறுப்பு போனா பூட்டுத் திறக்கும்போது கை தடுமாறும்."

"மேல் டேங்க் ஒண்ணு, மூணு மாடிக்கும் லைன். கீழ் வீட்ல ஷவரத் திறந்தா மேல் வீட்டுக்காரி சோப்போட நிப்பா."

"அதேதான்."

"சண்ட போடத்தானே ஆட்டம். அதுக்கு எதுக்கு இம்மாம் கணக்கு?"

"இந்தக் கணக்குதான் டாடி ஆட்டமே."

அது உண்மைதான் என்று அவருக்குப் போகப் போகத் தெரிந்தது. சண்டை கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும், இந்தப் புள்ளிகளைப் பற்றித்தான் பேச்சு நீளும். "ரெண்டு புள்ளி மிச்சம் இருக்கு, சுறுசுறுப்புல போடவா?" என்று மாப்பிள்ளை கேட்பார். "வேண்டாம், வச்சிருங்க. அடுத்த கோட்டைக்குத் தேவைப்படும்" என்று இவள் சொல்வாள். ஒருவரைக் கேட்காமல் ஒருவர் ஒரு புள்ளியைக்கூடத் தொட்டதில்லை. கேட்டுக் கேட்டு, அதிலேயே அரை மணி நேரம் ஓடும். மனம்விட்டுப் பேச முடியாத இரண்டு பேருக்கு அதாவது கிடைத்ததே என்று லாசரஸ் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்வார்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. ஹெப்சியும் ஜாய்சனும் பல வாரமாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு துறவியின் குகையைக் கடைசியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தத் துறவியிடம் போனால், இதுவரை போட்ட புள்ளிகளையெல்லாம் மொத்தமாக எடுத்துத் திரும்பவும் நம் இஷ்டம்போல் பிரித்துப் போடலாம். ஆனால் ஒரே ஒரு முறைதான். பக்கத்திலிருந்த இரும்புக் கோபுரத்தின் பூட்டு மிகவும் கடினமானது. அதற்குத் தகுந்தாற்போல் வேம்பைப் பெரிய பூட்டுக்காரியாக மாற்றுவது திட்டம். ஜாய்சன், சாப்பிட்டுவிட்டு வருகிறேன், வந்ததும் சேர்ந்து போடலாம் என்று எழுந்து போயிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மாடியிலிருந்து ஜெயசீலி குரல் கொடுத்தாள். "யாராவது வாங்களேன். மொளகா காயுது, துணி காயுது, நான் ஒருத்தி எத்தத் தூக்குவேன்."

லாசரஸ் எழுந்தார். "உங்களுக்கு முட்டி வலி, நீங்க உக்காருங்க டாடி" என்று ஹெப்சி தடுத்தாள். "இந்த மவுஸ மட்டும் அப்பப்ப அசைச்சிக்கிட்டே இருங்க. பழைய லேப்டாப், சும்மா விட்டா தூங்கிடும். லைன் கட்டாச்சுன்னா மறுபடி அந்தக் குகையத் தேடணும்." சொல்லிக்கொண்டே மாடிக்கு ஓடினாள்.

லாசரஸ் மவுஸை அசைத்தார். சும்மா அசைத்துக்கொண்டிருப்பானேன் என்று திரையில் இருந்ததை மெதுவாக வாசித்தார்.

பூட்டுத் திறத்தல், நாற்பது. கைவரிசை, முப்பத்தைந்து. பொய் சொல்லுதல், முப்பது. ஒளிந்து நடத்தல், இருபத்தைந்து. பட்டியலின் அடியில் ஒரு மூலையில் விசுவாசம். அதற்கு நேராகப் பூஜ்யம்.

அவருக்குத் திக்கென்றது. மகள் ஞாயிறு பள்ளிக்கூடத்தில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியவள். இந்த வேம்பு பெண்ணுக்கோ திருட்டும் பொய்யும் கழுத்து வரை இருக்கிறது, விசுவாசம் என்பது ஒரு சொட்டு இல்லை. ஆட்டம்தான், பொம்மைதான். இருந்தாலும் மகளே கூட்டி வைத்த கணக்கு அல்லவா? மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டதிலிருந்து நாலு மாதமாக மனதுக்குள் இப்படித்தான் வறண்டு கிடக்கிறாளோ? பேச மாட்டேன் என்கிறவள், இதில் எழுதிக் காட்டுகிறாளோ?

பொய்க்குப் பக்கத்தில் ஒரு கழித்தல் குறி இருந்தது. அமுக்கினார். முப்பது, இருபத்தொன்பது ஆனது. விசுவாசத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறி. அமுக்கினார். பூஜ்யம் ஒன்றானது. மனதுக்கு இதமாக இருந்தது. தப்பாகப் போனால் திரும்பவும் பழையபடி வைத்துவிடலாம், கேட் வால்வை மூடித் திறப்பது போலத்தானே என்று அவருக்கு எண்ணம். பொய் முழுவதும் போனது. கைவரிசை போனது. பூட்டுத் திறத்தலும் திருட்டுக்குத்தானே என்று அதையும் இறக்கினார். ஒளிந்து நடப்பதை விட்டுவைப்பானேன்? கடைசியில் எல்லாம் விசுவாசத்தில் வந்து நின்றது. கீழே ஒரு பட்டை வந்தது: உறுதியாகச் சொல்கிறீர்களா?

"ஆண்டவரே, என் மகளோட மனசத் தேத்தும்" என்று முணுமுணுத்துவிட்டு லாசரஸ் "உறுதி" என்பதை அமுக்கினார்.

துறவி கும்பிட்டுவிட்டுக் காணாமல் போனார்.

ஈர மிளகாய்த் தட்டோடு உள்ளே வந்த ஹெப்சி திரையைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள். மேலே போனாள், கீழே போனாள், எதையெதையோ அமுக்கிப் பார்த்தாள். பிறகு சும்மா உட்கார்ந்துவிட்டாள்.

"திருப்பி மாத்திக்கலாம் இல்லமா?"

"முடியாது டாடி."

குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவரை உலுக்கியது. இவ்வளவு நாள் இருவரையும் கட்டி வைத்திருந்த ஒரே நூலை நம் கையாலேயே அறுத்துவிட்டோமே என்று தவித்தார். துணிமூட்டையோடு வந்த ஜெயசீலி விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஊர்ல இருக்கிற குழாயெல்லாம் பத்தலன்னு இதையும் ரிப்பேர் பண்ணப் போனீங்களா?"

அதற்குள் ஜாய்சன் திரும்பி வந்துவிட்டார். ஹெப்சி மறுபடி மாட்டிக்கொண்ட ஹெட்போனைத் தாண்டி அவர் குரல் சன்னமாகக் கேட்டது. பிரிக்கலாமா, ஆரம்பிக்கலாமா என்று கேட்கிறார் போலிருந்தது.

"நான் போட்டு முடிச்சிட்டேன்" என்றாள் ஹெப்சி. "நானேதான் போட்டேன். பூட்டுத் திறக்க வராது. விடுங்க."

அப்பனைக் காட்டிக்கொடுக்காமல் பழியை அவளே ஏற்றுக்கொள்கிறாள். லாசரஸால் அதைத் தாங்க முடியவில்லை. "என்கிட்ட குடுமா" என்றார். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவர் விடவில்லை, லேப்டாப்பில் செருகியிருந்த ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினார். மாப்பிள்ளையின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"மாப்ள, லாசரஸ் பேசறேன். அவ ஒண்ணும் பண்ணல. நான்தான் தெரியாத்தனமா அமுக்கிட்டேன். திருட்டு, பொய்யெல்லாம் எடுத்துட்டு விசுவாசத்துல போட்டுட்டேன்."



"எவ்ளோ போட்டீங்க மாமா?"

"இருந்தத எல்லாம்."

முதலில் இருமல் மாதிரிதான் வந்தது. பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. ஜாய்சன் அடக்க முடியாமல் சிரித்தார். "மாமா, இந்த ஆட்டத்துல முதல்ல ஒரு கோயில்ல போய்ச் சேரணும். சேராதவங்களுக்கு விசுவாசம் எவ்ளோ இருந்தாலும் வேல செய்யாது. வேம்பு இன்னும் ஞானஸ்நானமே எடுக்கல."

ஜெயசீலி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். லாசரஸுக்கே சிரிப்பு வரும்போல் இருந்தது. அப்போதுதான் ஹெப்சி வாயைத் திறந்தாள்.

"சிரிக்காத."

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

"எங்கப்பாவாவது தெரியாம அமுக்கிட்டார். நீ தெரிஞ்சே அமுக்கின. எனக்கு நல்லதுன்னு நீயே முடிவு பண்ணி, என்னைக் கேக்காம உறுதின்னு போட்ட. ரெண்டு புள்ளி எங்க போடறதுன்னு அரை மணி நேரம் என்னைக் கேக்கத் தெரியுது. ரெண்டு வருஷத்துக்குக் கேக்கத் தெரியல."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். நாலு மாதமாக அடைத்துக் கிடந்தது பீறிட்டு வந்தது. ஜெயசீலி போய்த் தோளைப் பிடிக்கப் பார்த்தாள், லாசரஸ் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கேட்டா நீ வான்னு சொல்லுவ" என்றார் ஜாய்சன் மெதுவாக. "நான் உடனே வந்துடுவேன். வீட்டுக் கடன் அப்படியே நிக்கும். இல்லன்னா உன்ன இங்க கூப்பிடணும். ஒத்தப் பொண்ணு, மாமாவையும் அத்தையையும் விட்டுட்டு வரச் சொல்ல எனக்கு வாய் வரல."

"நான் வரமாட்டேன்னு யார் சொன்னது? கேட்டியா நீ? ஒரு தடவ கேட்டியா?"

"வருவியா?"

"அத இப்ப கேக்காத. அழுதுட்டு இருக்கேன்."

"சரி. அழுது முடி. அப்புறம் கேக்கறேன்."

"குடும்ப விசா கிடைக்குமான்னாவது விசாரிச்சியா, அதுவும் இல்லையா?"

"விசாரிச்சேன்."

"விசாரிச்சிட்டுமா சொல்லல?"

சண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. இந்த முறை அழுகையோடு கூடவே வாயும் நன்றாகப் பேசியது. மாமியார் சொன்னது, போன ஈஸ்டருக்குப் போன் எடுக்காதது, பிறந்த நாளுக்கு அனுப்பிய செருப்பு அளவு சின்னதாகப் போனது எல்லாம் வெளியே வந்தது. ஜெயசீலி லாசரஸின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இங்க இன்னா வேடிக்க உங்களுக்கு? சிட்லபாக்கத்துல மோட்டார் ஓடலன்னு காலையிலயே போன் வந்துச்சே. கெளம்புங்க."

"புள்ள அழுவுறாளே ஜெயா."

"அழுவட்டும். பேசிக்கினு அழுவுறா இல்ல."

மழை விட்டிருந்தது. லாசரஸ் வண்டியில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மகள் வெளிநாடு போனாலும் போய்விடுவாள் என்பது ஏரிக்கரை திருப்பத்தில்தான் அவர் மனதில் பட்டது. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் பல நாளாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கி, மூச்சு சீராக வந்தது. அந்த வீட்டுக்குப் போய், தரைக்கடியில் இருக்கிற சம்புத் தொட்டிக்குள் தலையை விட்டு, குழாயின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வைக் கழற்றி, அடைத்திருந்த மண்ணை எடுத்து மாட்டும் வரை அவர் வாய் ஓயவில்லை. சபையில் பாடுகிற பாட்டு ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்காரர் ஷ்யாம்சுந்தர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன லாசரஸ், இன்னைக்குப் பாட்டெல்லாம் பலமா இருக்கு. வீட்டுல ஏதாவது நல்ல சேதியா?"

லாசரஸ் சம்புக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டினார். முகமெல்லாம் சேறு.

"ஆமா சார். பொண்ணும் மாப்பிள்ளையும் சண்ட போட்டுக்கினு கீறாங்க."